பல நாள் நடைப்பயணத்துக்கு முதுகுப்பையை இலகுவாகக் கட்டுவது எப்படி?

முதலில் சமையலறைத் தராசை எடுத்து வையுங்கள். கொண்டுபோக நினைக்கும் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்துக் கிராம் கணக்கில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் கை பொய் சொல்லும். முதல் பயணத்துக்கு நான் லேசானது என்று எடுத்துவைத்த குளியல் துண்டு, தராசில் 600 கிராம் காட்டியது.

உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக மற்றவற்றின் எடையைக் கூட்டுங்கள். இதுதான் அடிப்படை எடை. இது 9 கிலோவுக்குள் வந்தால் நல்ல தொடக்கம். தேர்ந்தவர்கள் 4.5 கிலோவுக்கும் கீழே போவார்கள். நீங்கள் இப்போதே அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

அடுத்து, கூடாரம், ஸ்லீப்பிங் பேக், முதுகுப்பை. பாதி எடை பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கும். பல்துலக்கியின் கைப்பிடியை அறுத்தால் சில கிராம்தான் மிச்சம். இருவராகப் போனால் ஒருவர் கூடாரத் துணியையும் மற்றவர் கம்பிகளையும் சுமக்கலாம். பையைக் கடைசியில் வாங்குங்கள். பெரிய பையை முதலில் வாங்கிவிட்டால், காலியிடத்தைப் பார்த்ததும் எதையாவது திணிக்கத் தோன்றும்.

துணியில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். நாளுக்கொரு உடை வேண்டாம். நடக்க ஒரு செட், இரவில் உடுத்த உலர்ந்த ஒரு செட், மூன்று ஜோடி காலுறை, குளிருக்கு ஒரு மேலாடை, மழைக்கோட்டு. நான்கு நாளானாலும் பத்து நாளானாலும் இதே கணக்குதான். பருத்தியைத் தவிர்த்துவிடுங்கள், நனைந்தால் எளிதில் காயாது, குளிரில் உடல் சூட்டையும் இழக்கச் செய்யும். பாலியஸ்டரோ மெல்லிய கம்பளியோ நல்லது.

உலர் உணவு நாளொன்றுக்கு 700 கிராம் அளவில் பலருக்கும் போதும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. வழியில் நீர் கிடைக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த இடம்வரை தேவையானதோடு சற்றுக் கூடுதலாக மட்டும் சுமங்கள். எடுக்கும் நீரைச் சுத்திகரித்தே குடியுங்கள்.

முதலுதவிப் பெட்டி, தலைவிளக்கு, வரைபடம், மழைக்கோட்டு: இவற்றில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

அடுக்கும்போது பைக்குள் கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்றை விரியுங்கள். அடியில் ஸ்லீப்பிங் பேக், நடுவில், முதுகை ஒட்டி, கனமான உணவு, மேலே மழைக்கோட்டு. இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கினால் தோளின் சுமை கீழே இறங்கும்.

திரும்பி வந்ததும் பொருள்களை மீண்டும் தரையில் பரப்புங்கள். ஒருமுறைகூடத் தொடாதவற்றில் முதலுதவிப் பெட்டி, தலைவிளக்கு, வரைபடம், மழைக்கோட்டு ஆகியவற்றை மட்டும் பைக்குள் திருப்பி வையுங்கள். மற்றவை அடுத்த முறை வீட்டிலேயே இருக்கட்டும்.