கவுன்சிலில் பிள்ளைகள் பாதுகாப்பைக் கண்காணிப்பது: நான் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் புதிதாகக் கவுன்சிலராகி, சிறுவர் சேவைகளைக் கண்காணிக்கும் கமிட்டியில் போட்டுவிட்டார்களா? தடித்த அறிக்கை ஒன்று வரும். என் முதல் கூட்டத்துக்கு முழுவதையும் அடிக்கோடிட்டுப் படித்துப் போய், வாயே திறக்காமல் வீடு வந்தேன்.

இப்போது நேரே தாமதங்களைத்தான் தேடுவேன். கவுன்சில் பராமரிப்புக்கு வந்த பிள்ளைக்கு முதல் மீளாய்வு (பிள்ளையின் பராமரிப்புத் திட்டம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் கூட்டம்) 20 வேலை நாட்களுக்குள், அடுத்தது 3 மாதத்துக்குள், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். 'பெரும்பாலும் உரிய நேரத்தில்' என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். மிச்சம் எத்தனை? அந்தப் பிள்ளைகளைக் கடைசியாக யார், எப்போது நேரில் பார்த்தார்கள்? (பெயர் கேட்காதீர்கள், அது நம் வேலையில்லை.)

வளர்ப்புக் குடும்பங்கள் (கவுன்சிலுக்காகப் பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள்) பற்றி: ஒரே வருடத்தில் மூன்று வீடு மாறியவர்கள் எத்தனை பேர்? அண்ணன் தங்கையைப் பிரித்தீர்களா? அயலூருக்கு அனுப்பியதால் பள்ளி மாறியதா?

ஒரு வளர்ப்புத் தாய் சொன்னார்: "பையன் உடுப்பை எல்லாம் கறுப்புக் குப்பைப் பையில்தான் கொண்டுவந்தான்." அன்றிலிருந்து, "பெட்டி வாங்கிக் கொடுக்கிறீர்களா?" என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறேன். சில அதிகாரிகளுக்கு எரிச்சல்தான்.

"பார்த்துச் சொல்கிறோம்" என்றால், யார், எந்தத் தேதிக்குள் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதவைத்துவிட்டே எழும்புங்கள்.