தலமாட்டுல சொட்டின தண்ணி: ஒருவழியா நின்னுச்சு

மலேசியாவுல லங்காவித் தீவு, அங்க குவா ஊர் பக்கம் படகுலயே குடியிருக்கோம், 32 அடி பாய்மரப் படகு, 1979ல கட்டினது, என்னைவிட நாலு வயசு மூப்பு. செப்டம்பர் அக்டோபர் மழை பிடிச்சா போதும், ராத்திரி சரியா என் தலமாட்டுலயே சொட்டும். மேல்தளத்துல ஓரக் கம்பி நிக்குற தகட்ட சுத்தி சிலிக்கான் அப்பினேன், ரெண்டு வாரம் தாங்குச்சு, அப்புறம் பழைய குருடி கதவத் திறடிதான்.

கம்பிய கழட்டினா போல்ட் ஓட்டையிலருந்து டீத்தண்ணி கலர்ல வடியுது. அந்தக் காலத்துப் படகு நிறையதுல தளம்னா ரெண்டு ஃபைபர் ஷீட்டு, நடுவுல பால்சாங்கிற லேசான மரம், தண்ணி இறங்கினா ஊறி மக்கிடும். மேலருந்து 8 மிமீ ஓட்டைய 16 ஆக்கினேன், அடி ஷீட்ட தொடல. வளைச்ச ஆணிய டிரில்ல மாட்டி சுத்தவிட்டு மக்கின மரத்த எல்லாம் வழிச்சு எடுத்துட்டு, நாலு நாள் ஹேர் டிரையர் போட்டு காயவச்சேன் (வீட்டுக்காரம்மா டிரையர், அது தனிச் சண்டை). கீழ டேப் ஒட்டி, சிலிக்கா பவுடர் கலந்து கெட்டியாக்கின எபாக்ஸிப் பசைய நிரப்பி, இறுகினதும் நடுவுல மறுபடி 8 மிமீ.

தகட்டுக்கு அடியில இப்ப சிலிக்கான் இல்ல, பியூட்டைல் டேப், பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் மாதிரி டேப். போல்ட்ட சுத்தக்கூடாது, கீழ நட்ட மட்டும், அதுவும் மூணு நாளா கொஞ்சங்கொஞ்சமா. நேத்து கொட்டின மழைக்கு ஒரு சொட்டு இல்ல. இன்னும் அஞ்சு கம்பி பாக்கி.