இடிக்கப்போகும் ஓட்டு வீட்டைப் படமெடுப்பது எப்படி

சென்னைக்கு வெளியே கேளம்பாக்கம், மாம்பாக்கம், திருமழிசைப் பக்கம் ஒரு பழைய பண்ணை வீட்டுக்கு விலை பேசி முடிந்தால், ஜேசிபிக்கு முன்பே பழைய மரம் வாங்கும் வியாபாரிகள் வந்துவிடுவார்கள். அநேகமாக முதலில் போவது தலைவாசல் கதவும் நிலையும். பிறகு தூண், உத்திரம், ஓடு. அந்த வரிசையிலேயே படமெடுங்கள். முகப்பை அடுத்த வாரம்கூட எடுக்கலாம். கழற்றி லாரியில் ஏற்றிவிட்ட வாசல்நிலையை எடுக்க முடியாது.

முதலில் அனுமதி. பங்காளிகளுக்குப் பொதுவான வீடென்றால் சாவி வைத்திருப்பவர் சொல் மட்டும் போதாது, மற்றவர்களிடமும் கேட்டுவிடுங்கள். பூட்டிக்கிடந்த வீட்டில் தடியால் தட்டிக்கொண்டே போங்கள், பாம்பு இருக்கும். கறையான் அரித்த பரணில் ஏறவே வேண்டாம்.

முக்காலி, டார்ச், அளவு நாடா, 10 செ.மீ.க்கு ஒரு பட்டை தீட்டிய ஒரு மீட்டர் குச்சி போதும். கேமரா என்றால் லென்ஸ் துளை எஃப்/8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, பதப்படுத்தாத ரா கோப்பு, 2 நொடி டைமர். போனிலும் எடுக்கலாம், ஆனால் 1எக்ஸ் லென்ஸில். 0.5எக்ஸில் ஓரத்துத் தூண்கள் இழுபட்டுப் பருத்துத் தெரியும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே கூம்பும். மட்டமாகப் பிடித்துப் பின்னால் நகருங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் லென்ஸ் பனித்துவிடும், அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

கதவுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மூடிய நிலை, திறந்த நிலை, உள்பக்கம், நாதாங்கி, கதவு சுழலும் குழி, நிலையின் மேல்கட்டைச் செதுக்கல் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுங்கள். ஃப்ளாஷ் நேராக அடித்தால் செதுக்கல் தட்டையாகிவிடும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, டார்ச்சைப் பக்கவாட்டில், மரத்தை ஒட்டினாற்போல் பிடியுங்கள்: தேய்ந்த இதழ்களும் உளி பட்ட தடமும் நிழலோடு எழும்பி வரும். குச்சி கதவின் பரப்பை ஒட்டியே நிற்க வேண்டும். ஒரு அடி முன்னே வைத்தாலும் அளவு பொய்யாகிவிடும்.

முற்றத்தில் வெளிச்சம் கொட்டும், தாழ்வாரம் இருண்டு கிடக்கும். ஒரே இடத்திலிருந்து எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -2, 0, +2 என மாற்றி மூன்று படம் எடுத்துப் பிறகு ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். மேகம் மூடிய நாள் கிடைத்தால் இந்த வேலையே மிச்சம்.

சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் வடக்குப் பார்த்த முகப்புக்கு மே முதல் ஜூலை வரை காலையிலும் மாலையிலும் சாய்வெயில் கிடைக்கும். குளிர்காலத்தில் அந்தச் சுவரில் வெயிலே படாது.

கூரையை உள்ளிருந்து அண்ணாந்தும் எடுங்கள். மெட்ராஸ் டெரஸ் எனும் பழைய தட்டைக் கூரை என்றால் தேக்குச் சட்டங்களின் மேல் குறுக்குச்சாய்வாக, நிறுத்திவைத்து அடுக்கிய சிறு செங்கல் தெரியும்படி. அச்சில் வார்த்த சீமை ஓடு என்றால் ஒன்றை இறக்கித் திருப்பிப் பாருங்கள். செய்த கம்பெனியின் முத்திரை பெரும்பாலும் இருக்கும். விளக்கு மாடம், நெற்குதிர், தொழுவம், கிணற்று ராட்டினம் விட்டுப்போகக் கூடாது.

அன்றைக்கே நோட்டில் வரைபடம் போட்டு, ஒவ்வொரு படமும் எங்கே நின்று எடுத்தது என்று அம்புக்குறி இடுங்கள். கோப்புக்குப் பெயர் “தெற்குத் தாழ்வாரம், தூண் 3” என்கிற மாதிரி இருக்கட்டும். வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று அவரிடம், ஒன்று வேறொரு ஹார்டு டிஸ்கில்.