மினுக்கம் கூடினால் சூரியப் புயலா? அவசரப்படாதீர்கள்

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டி 1970-இல் இயங்கத் தொடங்கியது. சரிவு சுமார் 11 டிகிரி, ஊரின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் நீளம் பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. கிழக்கிலிருந்து மேற்காக உருட்டினாலே போதும், ஒரு குவாசரை, அதாவது வெகு தொலைவில் பிரகாசிக்கும் ஒரு விண்மீன் மண்டலத்தின் மையத்தை, ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். எவ்வளவு அழகான யோசனை!

குவாசரின் ரேடியோ அலை, சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களான சூரியக் காற்றின் அடர்த்தி மேடுபள்ளங்களைக் கடந்து வரும்போது நொடிக்கு நொடி மினுக்கும். 1964-இல் கேம்பிரிட்ஜில் ஹியூவிஷ் குழு கண்டது இதைத்தான். இதை வைத்துச் சூரியக் காற்றைப் படிக்கும்போது பலர் சறுக்கும் இடம், மினுக்கம் கூடியதுமே புயல், அதாவது சூரியன் வீசியெறிந்த துகள் மேகம் வருகிறது என்று எழுதிவிடுவது.

பூமி நகர்வதால் குவாசருக்கும் சூரியனுக்கும் உள்ள கோணம் தினமும் மாறுகிறது, சில சமயம் ஒரு டிகிரி வரைக்கும். இன்று 30 டிகிரியில் இருப்பது பத்து நாளில் 20-க்கு வந்தால், புயலே இல்லாமல் மினுக்கம் ஏறும். அந்தக் கோணத்தில் அந்தக் குவாசர் வழக்கமாக எவ்வளவு மினுக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். இன்றைய அளவை அதால் வகுத்து, விடை ஒன்றைவிட நன்றாகக் கூடினால்தான் சந்தேகப்படலாம். சரி, சூரியனை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகுமா? ஊட்டியின் 327 மெகாஹெர்ட்ஸில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு உள்ளே மினுக்கம் இறங்கிவிடும். அங்கே குறைந்த மினுக்கத்தை அமைதி என்று படிப்பதும் பிழைதான்.

புள்ளியாகத் தெரியும் நட்சத்திரம் மினுக்கும், சற்று அகன்று தெரியும் கோள் மினுக்காது. ரேடியோவிலும் அப்படியே. அகன்ற மூலங்களைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றும் கிடைக்காது, 3சி 48 என்ற குவாசர் போன்ற மிகச் சிறியவை வேண்டும்.

அப்புறம் அயனி மண்டலம், வளிமண்டலத்தின் மேலே இருக்கும் மின்னூட்ட அடுக்கு. நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், அந்தி சாய்ந்தபின் அதுவும் சிக்னலை ஆட்டும். ஆனால் அந்த ஆட்டம் மெதுவானது, பல நொடிகள் எடுக்கும். ஆட்டம் எவ்வளவு வேகமானது என்று பிரித்துக் காட்டும் நிறமாலையைப் பார்த்தால் பிரிந்து தெரியும்.

ஒரே குவாசரை நம்பவும் கூடாது. பார்வைக் கோட்டில் மேகம் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. வானமெங்கும் பல மூலங்களை அளந்தால்தான் மேகத்தின் வடிவமும் போகும் திசையும் புலப்படும்.

மேகம் பூமியை நோக்கி வருவது உறுதியானாலும், பூமியின் காந்தப்புலத்தை அது குலைக்கும் காந்தப் புயல் கடுமையாக இருக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். மேகத்தின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருக்கிறதா என்பதே அதை முக்கியமாகத் தீர்மானிக்கிறது. மினுக்கத்தில் அது தெரியாது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஆதித்யா-எல்1 போன்ற விண்கலத்தின் காந்தமானிதான் அதை அளந்து சொல்ல வேண்டும்.