ஹெச்13 எஃகில் வெப்ப விரிசல்: இரண்டு துண்டுகளை வைத்து நீங்களே பார்க்கலாம்

ஹெச்13 என்ற கருவி எஃகில் செய்த, அலுமினியம் வார்க்கும் டையின் (அச்சின்) முகத்தில் மீன்வலை போல மெல்லிய கோடுகள் விழும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பட்டறைகளில் புதிதாகச் சேரும் தம்பிகளைக் கேட்டால், "சூடு தாங்கலண்ணா" என்பார்கள். பாதிதான் சரி. விரிசல் வாய் திறப்பது டை குளிரும்போது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் ஆயா, அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோனால் கத்துவார். விஷயம் அதேதான்.

முதலில் கொஞ்சம் கணக்கு. டையின் முகம் அதன் உள்பகுதியைவிட 300 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் எஃகு 10 லட்சத்தில் 12 பங்கு விரியும். 300 டிகிரிக்கு 0.0036. உள்ளே இருக்கும் குளிர்ந்த எஃகு அதை விரிய விடாது. எஃகின் மீள்மைக் குணகம் (எவ்வளவு விறைப்பு என்று காட்டும் எண்) சுமார் 2,00,000 மெகாபாஸ்கல்; பெருக்கினால் 720. முகம் இரண்டு திசையிலும் அடைபட்டிருப்பதால், ஒரு திசையில் அமுக்கினால் மறு திசையில் பிதுங்கும் பங்கான 0.3ஐ 1இலிருந்து கழித்து, 0.7ஆல் வகுங்கள்: ஏறக்குறைய 1,030 மெகாபாஸ்கல் அமுக்கம். 550 டிகிரியில் ஹெச்13 தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இழந்திருக்கும். அதனால் முகம் சற்றே நசுங்கி, அப்படியே நின்றுவிடும். டை மேல் தெளிக்கும் ஸ்ப்ரே பட்டுக் குளிர்ந்ததும் நசுங்கிய தோலுக்கு நீளம் போதாது. உள்பகுதி அதை இழுக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும், அதாவது ஒவ்வொரு வார்ப்புக்கும், இதே கூத்து.

1950களில் காஃபின், மேன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் தனித்தனியே கண்ட விதி இங்கே உதவும்: ஒரு சுற்றில் ஏற்படும் நிரந்தர நெளிவைப் பாதியாக்கினால் ஆயுள் இரு மடங்கல்ல, மூன்று நான்கு மடங்காகும்.

இனி சோதனை.

படி 1: ஒரே பட்டையிலிருந்து 50×50×25 மி.மீ. அளவில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். 1,020 டிகிரியில் கடினப்படுத்தி, 600 டிகிரியில் இரண்டு முறை, தலா 2 மணி நேரம் டெம்பர் செய்யுங்கள் (நொறுங்கும் குணம் குறைய மறுபடி சூடாக்குவது). இடையில் அறை வெப்பத்துக்கு ஆறவிட வேண்டும். (2023இல் மின்வெட்டு அட்டவணையைப் பார்க்காமல் உலையை ஏற்றி, பாதி டெம்பரில் இருட்டில் உட்கார்ந்தவன் நான்.)

படி 2: முகங்களை எமரி தாளில் 120ஆம் நம்பரில் தொடங்கி 600 வரை தேயுங்கள். ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் அரித்து வடிப்பது) செய்த முகமென்றால் மேலே நொறுங்கும் வெள்ளைப் படலம் இருக்கும். அதை முழுக்க எடுக்காவிட்டால் சோதனையே பொய்.

படி 3: கண்ணாடி, கையுறை போடுங்கள். கேஸ் டார்ச்சால் இரண்டு முகங்களையும் ஒரே மாதிரி 550 டிகிரிக்குச் சூடாக்குங்கள். வெப்பநிலை காட்டும் சாக்குக்கட்டி பட்டறையில் இருக்கும். முதல் துண்டைத் தண்ணீரில் முக்குங்கள். இரண்டாவதை ஃபேன் காற்றில் 200 டிகிரி வரை ஆறவிட்டு மறுபடி சூடாக்குங்கள். சூடு ஒன்றே, குளிர்வு மட்டும் வேறு. எண்ணிக்கையைச் சுவரில் சாக்பீஸால் கோடு கிழித்து வையுங்கள், மனக்கணக்கு நம்பாதீர்கள்.

படி 4: 50 சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, முகத்தைத் துடைத்துச் சிவப்புச் சாயம் பூசுங்கள். பத்து நிமிடம் கழித்து மேலே உள்ள சாயத்தைத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் (சாயத்தை உறிஞ்சி வெளியே காட்டும் பொடி) தெளியுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வெள்ளைப் பொடியில் முடி போல ஒரு சிவப்புக் கோடு ஊறி மேலே வரும், பெரும்பாலும் கூர்மையான ஓரத்தில்தான். தண்ணீரில் முக்கிய துண்டில்தான் அது முதலில் வரும். கூடவே கடினத்தன்மையையும் எழுதுங்கள். முகம் மெல்ல மென்மையாவதும் விரிசலுக்கு வழி.

டைக்கு வருவோம். முதல் ஷாட்டுக்கு முன் 200 டிகிரி வரை சூடாக்குங்கள். ஸ்ப்ரேயை மூலைகளில் குறையுங்கள். பார்க்கச் சின்ன வேலை, பலனோ பெரிது. புதிய டையை ஓராயிரம் ஷாட்டுக்குப் பிறகு கழற்றி, கடைசி டெம்பரைவிட 30 டிகிரி குறைவாக, நம் துண்டுக்கு 570 டிகிரி, உலையில் வைத்து உள்ளே தேங்கிய இறுக்கத்தைத் தளர்த்துங்கள். மேனேஜர் முணுமுணுப்பார். சாயம் ஊறிய அந்தத் துண்டை மேசைமேல் வையுங்கள்.