பெட்டியில் பெயர், பிறகு ஸ்டாம்பு

ஜெர்மனிக்குப் புறப்படுகிற பிள்ளைகள் பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, ரசப்பொடி எவ்வளவு கொண்டு போகலாம் என்றுதான் கேட்கிறார்கள். ரசப்பொடி அங்கேயே கிடைக்கும், அரை கிலோ குறைத்துக்கொண்டு இதை வை என்று ஒரு கட்டு பட கார்டுகளை நீட்டுவேன். என் கணவரின் வேலைக்காக ஸ்டுட்கார்ட்டில் சில வருடங்கள் இருந்தோம். மொழி வாயில் வராத அந்த நாட்களில் எனக்கு மனிதர்களைப் பழக்கிவிட்டது தபால்தான். இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

கிளம்பும் முன் விதான சௌதா பக்கத்தில் இருக்கும் தலைமைத் தபால் நிலையத்துக்கு, அதாவது ஜி.பி.ஓ.வுக்கு, ஒரு நடை போய்வாருங்கள். ஸ்டாம்பு சேகரிப்பவர்களுக்கென்று அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. அச்சிட்ட விலைக்கே தருவார்கள், 5 ரூபாய் ஸ்டாம்புகளே நிறைய. யானை, புலி, பறவை, கோயில், ரயில் எல்லாம் எங்கே போனாலும் விலைபோகும். தலைவர்கள் படம் நமக்குத்தான் அருமை, ஜெர்மன்காரர் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு வைத்துவிடுவார். 50 பைசா போஸ்ட்கார்டிலும் கொஞ்சம் வாங்குங்கள். ஸ்டாம்பு அச்சாகியே வருகிற கார்டுகளை மட்டும் தேடுகிறவர்கள் அங்கே உண்டு. இந்திய ஸ்டாம்பு அங்கே தபாலுக்குச் செல்லாது. கார்டில் செய்தி எழுதும் பக்கத்தில் ஓரமாக ஒட்டினால் வாங்குகிறவருக்கு அது ஒரு சின்னப் பரிசு.

அங்கே போய் இறங்கியதும் முதல் வேலை, தபால் பெட்டியில் பெயர் ஒட்டுவது. முகவரியில் ஃப்ளாட் எண் பெரும்பாலும் இருக்காது. தபால்காரர் பார்ப்பது பெட்டியில் இருக்கும் குடும்பப் பெயரை மட்டும். பெயர் இல்லையா, கார்டு வந்த வழியே போய்விடும். இதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், சிநேகிதர்களோ நம் பெயரை எழுதி அனுப்புவார்கள். இரண்டையும் ஒட்டிவிடுங்கள். யாரோ ஒருவர் வீட்டில் ஓர் அறை மட்டும் எடுத்திருந்தால், ‘கேர் ஆஃப்’ போட்டு வீட்டுக்காரர் பெயரையும் முகவரியில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது போஸ்ட்கிராஸிங். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கார்டு அனுப்பிக்கொள்ளும் இணையதளம் இது, போர்ச்சுகல்லில் ஒரு மாணவர் 2005-இல் தொடங்கியது. பதிவு செய்தால் உலகத்தில் யாரோ ஒருவரின் முகவரியும் ஓர் அடையாள எண்ணும் வரும். அந்த எண்ணைக் கார்டில் எழுதி அனுப்ப வேண்டும். அவர் கையில் கிடைத்து எண்ணைப் பதிந்ததும் உங்கள் முகவரி வேறொருவருக்குப் போகும். நீங்கள் எழுதியவரே பதில் போடுவார் என்று காத்திருக்காதீர்கள், கார்டு வேறு திசையிலிருந்து வரும். ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் 5 கார்டுதான் அனுப்பவிடுவார்கள், அதுவே போதும். எண்ணை இரண்டு இடத்தில் எழுதுங்கள். முத்திரை மை ஒன்றின் மேல் விழுந்தாலும் இன்னொன்று மிஞ்சும்.

கையெழுத்தில் கவனம் வேண்டியது இலக்கங்கள். அவர்கள் 1 எழுதும்போது மேலே நீளமாக ஒரு கோடு இழுப்பார்கள், 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவார்கள். நாம் எழுதும் வெறும் 7 அவர்கள் கண்ணுக்கு 1. அஞ்சல் குறியீட்டில் இது நடந்தால் கார்டு வேறு ஊரைப் பார்த்துவிட்டுத்தான் வரும். தெருப் பெயர் முதலில், வீட்டு எண் அதற்குப் பின்னால், அடுத்த வரியில் குறியீடும் ஊரும். ஜெர்மனியில் குறியீடு 5 இலக்கம், ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் 4. கார்டின் அடியில் ஒரு விரற்கடை வெற்றிடம் விடுங்கள், இயந்திரம் அங்கே ஆரஞ்சு நிறக் கோடுகளை அச்சிடும்.

என்ன எழுதுவது என்று திகைக்க வேண்டாம். ‘வானிலை நன்றாக இருக்கிறது’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உங்கள் வீட்டில் காலையில் என்ன சமைத்தீர்கள், ஜன்னலுக்கு வெளியே என்ன மரம் நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். கார்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

ஸ்டாம்பு வாங்குவதில்தான் புதிதாகப் போகிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். தபால் கவுன்டர் பல ஊர்களில் ஒரு பலசரக்குக் கடையின் மூலையில்தான் இருக்கும். சும்மா ‘ஸ்டாம்பு’ என்று கேட்டால் அன்றாட வரிசையிலிருந்து கிழித்துத் தருவார்கள். ‘ஸோண்டர்மார்க்கே’ என்று கேளுங்கள், நினைவு வெளியீடுகள் வெளியே வரும். 2025 ஜனவரி முதல் உள்நாட்டுக் கார்டுக்கு 95 சென்ட், இந்தியாவுக்கு 1.25 யூரோ. கைபேசியில் குறியீடு வாங்கி, அதைப் பேனாவால் கார்டில் எழுதி அனுப்பும் வசதியும் உண்டு. அவசரத்துக்குச் சரி, ஆனால் சேகரிப்பவருக்கு அப்படி ஒரு கார்டு அனுப்பினால் அவர் முகம் சுருங்கிப்போகும். 2021-லிருந்து ஸ்டாம்பின் ஓரத்தில் கட்டம் கட்டமாக ஒரு குறியீடும் அச்சாகிறது. அதுவும் ஸ்டாம்பின் பகுதிதான், கத்தரிக்கும்போது வெட்டிவிடாதீர்கள். பெட்டியில் போட்ட கார்டில் இயந்திரம் தன் இஷ்டத்துக்குக் கோடு இழுக்கும், தப்பி வந்ததைத் தபால்காரர் பேனாவாலேயே கிறுக்கிவிடுவதும் உண்டு. வட்ட முத்திரை ஸ்டாம்பின் நடுவில் முழுதாக விழுந்தால் அங்கே தனி மதிப்பு. ஆகவே கையில் முத்திரை வைத்திருக்கும் கவுன்டராகப் பார்த்து, கூட்டம் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

வந்த ஸ்டாம்பைக் கிழித்தெடுக்கக் கூடாது. சுற்றிலும் காகிதம் விட்டுக் கத்தரித்து, வெதுவெதுப்பான நீரில் முகம் மேலே இருக்கும்படி மிதக்கவிடுங்கள். தானாகக் கழன்றதும் இடுக்கியால் எடுத்து, துண்டின் மேல் கவிழ்த்துக் காயவைத்து, தடித்த புத்தகத்துக்குள் அழுத்துங்கள். கிறிஸ்துமஸ் சமயத்துச் சிவப்பு உறைகளைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள், சாயம் ஊறி மற்றதையும் கெடுத்துவிடும். தானாக ஒட்டும் ரகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், காகிதத்தோடு வெட்டி வைப்பதே நல்லது.

சனிக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளில் யாரோ தாத்தாவின் ஆல்பம் கண்ணில் படும். 1923-இன் பணவீக்கத்தில் 5,000 கோடி மார்க் வரை மதிப்பு அச்சிட்ட ஸ்டாம்புகளைப் பார்த்ததும் கை பரபரக்கும். முத்திரை குத்தாதவை குவிந்து கிடக்கின்றன, சில்லறைக் காசுக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்தக் காலத்தில் உண்மையாகவே தபாலில் போனவைதான் அரிது, அதனாலேயே போலி முத்திரைகளும் ஏராளம். காசு போட்டு வாங்குவதைவிடத் தபாலில் வரவழைப்பதே எனக்குப் பிடிக்கும். கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்றால், பீலஃபெல்டில் இருக்கும் பேத்தல் தொண்டு நிறுவனத்தைப் பாருங்கள். தானமாக வரும் ஸ்டாம்புகளை மாற்றுத் திறனாளிகள் அங்கே பிரித்து வைக்கிறார்கள், எடை போட்டு விற்கிறார்கள்.

ஊருக்கு ஊர் ஸ்டாம்புச் சங்கமும், ஸ்டாம்புகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள அதற்கென்று ஒரு நாளும் இருக்கும். பெரும்பாலும் வயதானவர்கள், மேசையில் காபியும் கேக்கும். மிஷெல் என்ற ஸ்டாம்பு விலைப்பட்டியலைப் புரட்டி மதிப்புக்கு மதிப்பு மாற்றுவார்கள். ஜி.பி.ஓ.வில் வாங்கிய யானையும் புலியும் கைகொடுக்கும் இடம் இதுதான். எல்லாவற்றையும் சேர்க்கப் போகாமல் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்தது இந்தியாவுக்கும் ஜெர்மன் பேசும் நாடுகளுக்கும் நடுவில் நிற்கும் ஸ்டாம்புகள். ஜெர்மனியில் பிறந்த சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லருக்கு இந்தியா 1974-இல் வெளியிட்டது, 1948-இல் சுவிட்சர்லாந்தில் அச்சாகி வந்த காந்தி வரிசை, இப்படி. அந்தக் காந்தி வரிசையில் 10 ரூபாய் ஸ்டாம்பை மட்டும் நிபுணர் சான்று இல்லாமல் தொடாதீர்கள்.

ஆஸ்திரியாவில் இருப்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான். உலகின் முதல் அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1 அன்று வெளியானது ஆஸ்திரியா-ஹங்கேரியில். 2020-இல் கழிவறைக் காகிதத்திலேயே ஸ்டாம்பு அச்சிட்ட குறும்புக்காரர்களும் அவர்கள்தான். சுவிட்சர்லாந்தின் ஸ்டாம்பில் ‘ஹெல்வெட்டியா’ என்றுதான் இருக்கும், தெரியாத நாடு என்று ஒதுக்கிவிடாதீர்கள். டிசம்பர் நெருங்கும்போது ஜெர்மனியின் ஹிம்மல்ஃபோர்ட் என்ற சின்ன ஊருக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா பெயரில் எழுதினால் சிறப்பு முத்திரையோடு பதில் வரும். குழந்தைகளுக்கான ஏற்பாடு என்பார்கள், வீட்டில் ஒரு குழந்தையைக் கடன் வாங்கியாவது எழுதுங்கள்.

பெங்களூரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் கார்டு போடுங்கள். முகவரி ஆங்கிலத்தில், கிராஸ், மெயின், பின்கோடு எல்லாம் விடாமல். செய்தி தமிழிலேயே இருக்கலாம். எங்கள் தெருத் தபால்காரருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், அதனால் சம்பள உயர்வையும் ரூம்மேட்டோடு போட்ட சண்டையையும் உறைக்குள் வைத்து அனுப்புங்கள். 20 கிராம் வரை உறைக்கும் அதே 1.25 யூரோதான்.