மைக் ப்ரீஆம்பை இன்டர்ஃபேஸோடு இணைப்பது எப்படி?

மைக்கிலிருந்து வரும் சிக்னல் ரொம்பச் சின்னது. டைனமிக் மைக்காக இருந்தால் சில மில்லிவோல்ட்தான். ஸ்டுடியோ கருவிகளின் லைன் லெவலோ ஒரு வோல்ட்டைத் தாண்டும். சிக்னலைப் பெருக்கி இந்த இடைவெளியை நிரப்பத்தான் ப்ரீஆம்ப். ஆனால் மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள்ளும் ஏற்கெனவே ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறது. தனியாக இன்னொன்றைச் சேர்க்கும்போது வரும் குழப்பமெல்லாம் இதனால்தான்.

முதலில் எல்லாவற்றையும் இறக்குங்கள். ப்ரீஆம்பின் கெயின் குமிழ் (எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் குமிழ்) அடிமட்டத்தில், 48 வோல்ட் பட்டன் (சில மைக்குகளுக்குக் கேபிள் வழியே மின்சாரம் அனுப்புவது) ஆஃப், ஹெட்ஃபோன் காதில் இல்லை. 48 வோல்ட் ஓடும்போது கேபிளைச் செருகினால் 'டப்'பென்று ஒரு சத்தம் வரும். காதுக்கும் நல்லதல்ல, ஸ்பீக்கருக்கும் நல்லதல்ல.

மைக்கிலிருந்து ப்ரீஆம்புக்கு எக்ஸ்எல்ஆர் கேபிள். 'க்ளிக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். உள்ளே 3 பின்கள் உண்டு. 1-ஆவது கிரவுண்ட்; 2-ஆவது, 3-ஆவது இரண்டிலும் ஒரே சிக்னல் எதிரெதிராக ஓடுகிறது. வழியில் ஒட்டும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல விழுவதால், மறுமுனையில் அது கழிந்துவிடும்.

ப்ரீஆம்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு. இங்கேதான் கவனம் வேண்டும். பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் இருப்பது காம்போ ஜாக். சுற்றிலும் மூன்று சின்னத் துளைகள், நடுவில் ஒரு பெரிய துளை. சின்னத் துளைகளில் எக்ஸ்எல்ஆரைச் செருகினால் சிக்னல் உள்ளே இருக்கும் மைக் ப்ரீஆம்புக்குப் போகும். நடுத்துளையில் 6.35 மி.மீ. டிஆர்எஸ் பிளக்கை (முனையில் இரண்டு வளையக் கோடுகள் உள்ள பிளக்) செருகினால் அது லைன் இன்புட். நமக்கு வேண்டியது நடுத்துளை. ப்ரீஆம்பில் எக்ஸ்எல்ஆர் அவுட்புட் மட்டும்தான் என்றால், ஒரு முனையில் பெண் (துளைகள் உள்ள) எக்ஸ்எல்ஆரும் மறுமுனையில் டிஆர்எஸ்ஸும் உள்ள கேபிள் வாங்குங்கள். பக்கத்தில் 'இன்ஸ்ட்' என்ற பட்டன் இருந்தால் அது ஆஃப். அது கிட்டாருக்கானது.

நான் ஆரம்பத்தில் பல மாதங்கள் எக்ஸ்எல்ஆரையே செருகிப் பதிவு செய்தேன். பொருந்துகிறதே, அப்புறம் என்ன என்று நினைத்தேன். குரல் உயரும் இடமெல்லாம் கரகரவென்று உடைந்தது. தப்பு மைக்கில் என்று நம்பி மைக்கையே மாற்றினேன். ஏற்கெனவே பெருக்கிய சிக்னலை மறுபடியும் பெருக்கிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

ஆன் செய்யும் வரிசை: ப்ரீஆம்ப், இன்டர்ஃபேஸ், கடைசியில் ஸ்பீக்கர். அணைக்கும்போது தலைகீழாக.

கண்டென்சர் மைக் என்றால் இப்போது 48 வோல்ட்டை ப்ரீஆம்பில் போடுங்கள், இன்டர்ஃபேஸில் அல்ல. சில வினாடிகள் காத்திருங்கள். சாதாரண டைனமிக் மைக்குக்கு இது தேவையில்லை. ரிப்பன் மைக் என்றால் தொடவே வேண்டாம். 48 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு: 1966-இல் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்கு மைக் செய்தபோது, அங்கே அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள்.

கெயின். இன்டர்ஃபேஸின் குமிழை அடிமட்டத்திலேயே விடுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, உங்கள் ஸ்கிரிப்டில் குரல் அதிகம் உயரும் பத்தியை வாசியுங்கள். 'ஹலோ, செக்' போதாது. சோதிக்கும்போது எல்லோரும் மெதுவாகத்தான் பேசுவோம். வாசித்துக்கொண்டே ப்ரீஆம்பின் கெயினை ஏற்றுங்கள். மென்பொருளின் மீட்டரில் உச்சங்கள் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் வந்தால் போதும். 24 பிட்டில் பதிவு செய்கிறோம், அதில் சின்ன சிக்னலும் தெளிவாகப் பதியும், அதனால் அதற்கு மேல் தள்ளத் தேவையில்லை. ப்ரீஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் கெயினை அங்கேயே குறையுங்கள். அங்கே உடைந்த குரலை இன்டர்ஃபேஸில் குறைத்துச் சரிசெய்ய முடியாது.

கடைசியாக, பேசாமல் 10 வினாடி பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். 'ம்ம்ம்' என்ற முனகல் கேட்டால், எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியும் பாருங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் அதிகமென்றால், பிளக் எந்தத் துளையில் இருக்கிறது என்று மறுபடி ஒருமுறை பாருங்கள்.